நெருக்கடிக் காலத்தில் யூதப் பள்ளி ஆசிரியர்களுக்குத் துணைநிற்பது எப்படி: புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

யூதப் பள்ளியொன்றின் நிர்வாகக் குழுவிலோ, யூதர்களின் வழிபாட்டிடமான ஜெப ஆலயத்தின் கல்விக் குழுவிலோ, பெற்றோர் சங்கத்திலோ, மாணவர் நல ஆலோசகராகவோ புதிதாகப் பொறுப்பேற்பவர் முதல் ஆண்டு முடிவதற்குள்ளாகவே ஒரு பெரும் நெருக்கடியைச் சந்திக்க நேர்வது இப்போது அரிதல்ல. 2018 அக்டோபர் 27 அன்று, வார ஓய்வு நாளான சபாத்தின் காலை வழிபாட்டின்போது, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் உள்ள ‘ட்ரீ ஆஃப் லைஃப்’ ஜெப ஆலயத்தில் 11 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 2020இல் கொரோனா பள்ளிகளை மூடவைத்தது. 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் தெற்கு இஸ்ரேலில் நடத்திய தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டனர், 251 பேர் பணயக் கைதிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்த போரில் காசாவில் பல்லாயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர். 2025 அக்டோபர் 2 அன்று, பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூரில், மான்செஸ்டரின் ஹீட்டன் பார்க் ஜெப ஆலயத்தில் நடந்த தாக்குதலில் இருவர் இறந்தனர். ஒவ்வொரு முறையும் தலைவர்கள் அறிக்கை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் குழந்தைகளுக்கு முன்னால் போய் நின்றவர் வகுப்பாசிரியர்தான்.

அந்த ஆசிரியருக்கு என்ன செய்வது என்பதைப் பற்றியதே இக்கட்டுரை. பெரும்பாலும் அமெரிக்காவையும் பிரிட்டனையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. இஸ்ரேலின் அனுபவம் தேவைப்படும் இடங்களில் மட்டும் வருகிறது. நன்றிக் கடிதமும் ஆசிரியர் ஓய்வறையில் வைக்கப்படும் இனிப்புத் தட்டும் தவறல்ல என்றாலும், அவற்றால் ஆசிரியரின் சுமை ஒரு அணுவும் குறைவதில்லை. அவர் தனியாக எடுக்க வேண்டிய முடிவுகளின் எண்ணிக்கையைக் குறைப்பதே உண்மையான துணை. கீழே வரும் ஒவ்வொரு படியையும் இந்த ஒரு அளவுகோலால் சோதித்துப் பார்க்கலாம்.

யாருக்குத் துணைநிற்கிறோம் என்று முதலில் அறிந்துகொள்ளுங்கள்

‘யூதப் பள்ளி ஆசிரியர்’ என்று ஒரே வகையினர் கிடையாது. முழுநேரப் பள்ளியில் கணிதம், அறிவியல், ஆங்கிலம் கற்பிப்பவர்களும் தோரா எனும் வேதம், தல்மூத் எனும் பழைய சட்ட விளக்கத் தொகுப்பு, எபிரேயம் ஆகியவற்றைக் கற்பிப்பவர்களும் ஒரே ஓய்வறையில் அமர்ந்திருப்பார்கள். முதல் வகையினரில் பலர் யூதர்கள் அல்லர். ஜெப ஆலயங்களோடு இணைந்த பகுதிநேரப் பள்ளிகள் ஞாயிறு காலையிலும் வாரநாள் ஒன்றின் மாலையிலும் நடப்பவை. அங்கே கற்பிப்பவர்கள் கல்லூரி மாணவர்களாகவோ, குழந்தைகளின் பெற்றோராகவோ, ஓய்வுபெற்றவர்களாகவோ இருப்பார்கள். ரெபேக்கா கிராட்ஸ் 1838இல் பிலடெல்பியாவில் எபிரேய ஞாயிறு பள்ளியைத் தொடங்கியபோதே அது சம்பளம் வாங்காத பெண்களின் உழைப்பில்தான் நடந்தது. நிறையப் பொறுப்பைக் கொடுத்துக் குறைந்த பயிற்சியோடு வகுப்புக்கு அனுப்பும் வழக்கத்தின் வேர் அவ்வளவு பழையது.

இவர்கள் தவிர, இஸ்ரேலிலிருந்து ஓரிரு ஆண்டுகளுக்கு அனுப்பப்படும் ‘ஷ்லிஹிம்’ எனப்படும் ஆசிரியர்கள் உண்டு. 2023 அக்டோபரில் இஸ்ரேல் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ரிசர்வ் படையினரைத் திரும்ப அழைத்தபோது, இவர்களில் பலருடைய சகோதரர்களும் நண்பர்களும் அந்த அழைப்பில் அடங்கினர். வகுப்பில் பாடல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கும் இருபது வயதுப் பெண்ணின் கைப்பேசியில் அடுத்த நிமிடம் என்ன செய்தி வரும் என்பது அவருக்கே தெரியாது.

எனவே முதல் வேலையாக ஒரு பட்டியல் தயாரியுங்கள். யார் முழுநேரம், யார் மணிக்கணக்கில் ஊதியம் பெறுபவர், யாருக்கு இஸ்ரேலில் நெருங்கிய உறவினர் இருக்கிறார்கள், யார் இந்த ஊரில் தனியாக வசிக்கிறார், அவசரத்தில் யாரை அழைக்க வேண்டும் என்பவை அதில் இருக்கட்டும். அரசியல் கருத்து அதில் இடம்பெறவே கூடாது, கேட்கவும் கூடாது.

நாட்காட்டியைப் படியுங்கள்

வெளியிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுதான். சபாத் வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குச் சற்று முன் தொடங்கிச் சனிக்கிழமை இரவு முடிகிறது. அதைக் கடைப்பிடிப்பவர்கள் அந்த நேரத்தில் தொலைபேசியைத் தொடமாட்டார்கள். முக்கியப் பண்டிகை நாட்களுக்கும் இதே விதிதான். இஸ்ரேலுக்கு வெளியே அவற்றில் பல இரண்டு நாள் நீள்பவை. 2023 அக்டோபர் 7 சபாத் நாளாகவும் பண்டிகை நாளாகவும் இருந்தது, மறுநாள் ஞாயிறு, தோராவைத் தூக்கி ஆடிக் கொண்டாடும் சிம்ஹத் தோரா. அதனால் மரபுவழி நிற்கும் ஆசிரியர்கள் பலர் வழிபாட்டுக்குப் போன இடத்தில் அரைகுறையாகக் காதில் விழுந்ததை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு நாட்களைக் கழித்தார்கள், ஞாயிறு இரவுதான் தொலைபேசியைத் திறந்து முழுவதையும் அறிந்தார்கள். சில மணி நேரத்திலோ ஒரு நாளிலோ அவர்கள் வகுப்பில் நிற்க வேண்டியிருந்தது. மற்ற ஆசிரியர்களுக்குக் கிடைத்த இரண்டு நாள் அவகாசம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இதிலிருந்து சில நடைமுறைகள் பிறக்கின்றன. வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டிய அறிவிப்பை நண்பகலுக்குள் அனுப்பிவிடுங்கள். சபாத் முடிந்த கையோடு பத்துச் செய்திகள் குவியாமல், ஒருவர் ஒரே செய்தியாகத் தொகுத்து அனுப்பட்டும். உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் சபாத் விதிகள் விலகும் என்பது யூதச் சட்டம். அப்படியொரு சமயத்தில் யார் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று முன்கூட்டியே முடிவுசெய்து எழுதி வையுங்கள். வசந்தகாலப் பண்டிகையான பாஸ்காவுக்குப் பின் வரும் நாட்களையும் குறித்துக்கொள்ளுங்கள். நாஜிகளின் யூத இனப்படுகொலையை நினைவுகூரும் யோம் ஹஷோவா, அதற்கடுத்த வாரம் இஸ்ரேலில் உயிர்நீத்த படைவீரர்களுக்கும் தாக்குதலில் இறந்தவர்களுக்குமான யோம் ஹசிக்கரோன், மறுநாளே இஸ்ரேலின் சுதந்திர நாள் என்று மூன்றும் ஏறத்தாழ பத்து நாட்களுக்குள் வந்துவிடும். கூட்டம், தேர்வு, ஆய்வு எதையும் அந்த நாட்களில் வைக்காமலிருப்பதே பெரிய உதவி.

முதல் காலைக்கு ஒரு பக்கம்

செய்தி வந்த பிறகு வரும் முதல் பள்ளி நாளே மிகக் கடினமானது. அதற்கான ஏற்பாட்டை அமைதியான காலத்திலேயே செய்துவிட வேண்டும். கதவு எட்டு மணிக்குத் திறக்குமானால் ஏழேகாலுக்கு எல்லா ஆசிரியர்களையும் ஓர் அறையில் கூட்டுங்கள். யூதரல்லாத ஆசிரியர்களும், அலுவலக ஊழியர்களும், காவலாளியும் அதில் இருக்கட்டும். மணிக்கணக்கில் ஊதியம் பெறுபவர்களுக்கு அந்த முக்கால் மணி நேரத்துக்கும் சேர்த்துக் கொடுங்கள்.

கூட்டத்தில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள் இருக்க வேண்டும், ஒரே ஒரு பக்கம். மேல்பகுதியில் உறுதியாகத் தெரிந்த விவரங்கள் நான்கைந்து வாக்கியங்களில் வரட்டும். நடுப்பகுதியில் குழந்தைகளிடம் சொல்ல வேண்டிய சொற்கள், வயதுவாரியாக. கீழே, அழுகிற குழந்தையை யாரிடம் அனுப்புவது, ஆசிரியரே வெளியே வர வேண்டியிருந்தால் யார் வகுப்பைப் பார்த்துக்கொள்வது என்ற பெயர்கள்.

நடுப்பகுதிதான் உயிர்நாடி. ஆறு வயதுவரை உள்ள குழந்தைகளிடம் ஆசிரியர் தாமாகப் பேச்செடுக்க வேண்டியதில்லை, கேட்டால், “ஆமாம், ஒரு சோகமான விஷயம் நடந்திருக்கிறது. இங்கே உன்னைப் பார்த்துக்கொள்ள நாங்கள் எல்லாரும் இருக்கிறோம்” என்பது போதும். ஏழிலிருந்து பத்து வயதுவரை, நடந்ததை இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டு, “உங்களுக்குத் தெரிந்ததை என்னிடம் தனியாக வந்து சொல்லலாம்” என்று நிறுத்திக்கொள்ளலாம். ஒருவர் கேள்விப்பட்ட கொடூரத்தை மற்ற இருபது பேரும் கேட்க வேண்டியதில்லை. அதற்கு மேற்பட்ட வயதினர் கைப்பேசியில் காணொளிகளைப் பார்த்துவிட்டே வருவார்கள். “இது உண்மையா சார், பாருங்கள்” என்று அவர்கள் நீட்டும் காணொளியைப் பார்க்கும் கடமை ஆசிரியருக்கு இல்லை என்று அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள். இந்த ஒரு வரி பல ஆசிரியர்களை எவ்வளவு காப்பாற்றும் என்பது எழுதாத பள்ளிகளுக்குத் தெரியாது.

கூட்டம் முடிவதற்கு முன் ஒவ்வொருவரும் தம் வகுப்புக்கான வாக்கியங்களை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கட்டும். குரல் உடைவதானால் அது பெரியவர்கள் இருக்கும் அறையிலேயே உடைந்துவிடுவது நல்லது. பிறகு, “இன்று வகுப்பெடுக்க முடியாது என்று நினைப்பவர்கள் எவரானாலும் காரணம் சொல்லாமல் என்னிடம் தலையசைத்தால் போதும்” என்று தலைமை ஆசிரியர் சொல்ல வேண்டும், சொன்னபடி மாற்று ஆளும் தயாராக இருக்க வேண்டும்.

கடினமான கேள்விகளும் பெற்றோரின் கடிதங்களும்

முதல் வாரம் கடந்ததும் துக்கத்தின் இடத்தில் கருத்து வேறுபாடு வந்து அமரும். ஒரு வகுப்பில் ஒரு குழந்தையின் மாமா போர்முனையில் இருப்பார், இன்னொரு குழந்தையின் அக்கா போரை எதிர்த்து ஊர்வலம் போயிருப்பாள். ஆசிரியர்களுக்குள்ளும் இதே பிளவு இருக்கும். “காசாவில் குழந்தைகள் சாகிறார்களா?” என்று ஒன்பது வயது மாணவி கேட்டால் ஆசிரியர் என்ன சொல்வது என்பதைப் பள்ளி முன்கூட்டியே முடிவுசெய்திருக்க வேண்டும். என் கருத்தில் அதற்கு ஒரே விடைதான் உண்டு: “ஆமாம், அது மிகவும் துயரமானது.” இந்த உண்மையைச் சொன்னதற்காக ஆசிரியர் விசாரிக்கப்படுவார் என்ற அச்சம் இருக்கும் பள்ளியில் வேறெந்த உதவித் திட்டமும் பயன்படாது. பணயக் கைதிகளுக்காக ஆசிரியர் கண்கலங்கினார் என்பதற்காக அவரைக் குறைகூறும் பெற்றோரிடமிருந்தும் இதே அளவு பாதுகாப்பு வேண்டும்.

ஆகவே மூன்று விஷயங்களை எழுத்தில் வையுங்கள்: வகுப்பில் எதைப் பேசலாம், எதை வீட்டுக்கு அனுப்பிவிடலாம், எதை யூதச் சமயகுருவான ரபியிடமோ தலைமை ஆசிரியரிடமோ விட்டுவிடலாம். இதை ஆசிரியர்களோடு சேர்ந்தே எழுத வேண்டும். மேலிருந்து இறங்கி வரும் சுற்றறிக்கையை ஆசிரியர்கள் படிப்பார்கள், வகுப்பில் நினைவுக்கு வராது.

பெற்றோரின் கடிதங்கள் தனிப் பிரச்சினை. இரவு பதினொரு மணிக்கு வரும் நீண்ட மின்னஞ்சலும், வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஆசிரியரின் பெயரோடு நடக்கும் விவாதமும் செய்தியைவிட அதிகமாக ஆசிரியரைக் களைப்படையச் செய்பவை. நெருக்கடி நாட்களில் இத்தகைய கடிதங்களுக்கு ஆசிரியர் பதில் எழுதக் கூடாது என்பதை விதியாக்குங்கள். “உங்கள் கடிதம் கிடைத்தது. தலைமை ஆசிரியருக்கு அனுப்பியிருக்கிறேன், அவர் உங்களைத் தொடர்புகொள்வார்” என்ற இரண்டு வாக்கியங்களை எல்லாருக்கும் கொடுத்துவிடுங்கள், தலைமை ஆசிரியர் மறுநாள் மாலைக்குள் உண்மையாகவே தொடர்புகொள்ள வேண்டும். ஆசிரியர்களை வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து விலகச் சொல்வதும், அது நிர்வாகத்தின் முடிவு என்று பெற்றோருக்கு நிர்வாகமே அறிவிப்பதும் நல்லது.

பாதுகாப்பு

இது நிபுணர்களின் வேலை. பிரிட்டனில் சமூகப் பாதுகாப்பு அறக்கட்டளையும் அமெரிக்காவில் செக்யூர் கம்யூனிட்டி நெட்வொர்க்கும் பயிற்சியும் ஆலோசனையும் தருகின்றன. 2022 ஜனவரி 15 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் காலிவில் நகர ஜெப ஆலயத்தில் நால்வர் பணயமாகப் பிடிக்கப்பட்டபோது, கடைசிவரை உள்ளே இருந்த மூவர் தப்பியதற்கு முன்பு பெற்ற பயிற்சியே உதவியது என்று அங்கிருந்த ரபி கூறினார். நாற்காலியைத் தூக்கி எறிந்து வெளியேறும் வழியைத் திறந்தவர் அவரே. உங்கள் பங்கு சிறியது: பயிற்சியை ஊதியம் தரப்படும் நேரத்தில் வையுங்கள், பகுதிநேர ஆசிரியர்களை விட்டுவிடாதீர்கள், ஒத்திகை நடக்கப்போவதை ஆசிரியர்களுக்கு முன்னரே சொல்லுங்கள்.

நேரமும் ஆளும் பணமும்

முதல் நூற்றாண்டில் எருசலேம் ஆலயத்தின் தலைமைக் குருவாக இருந்த யோசுவா பென் கம்லா ஊர்தோறும் ஆசிரியர்களை அமர்த்தி, ஆறு ஏழு வயதிலேயே குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்க ஏற்பாடு செய்ததாகத் தல்மூத்தின் பாபா பத்ரா பகுதி சொல்கிறது. அதே இடத்தில் ஓர் எண்ணிக்கையும் வருகிறது: 25 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர், 50 ஆனால் இரண்டு ஆசிரியர்கள், 40 ஆனால் ஓர் உதவியாளர், அந்த உதவியாளருக்கான செலவில் ஊரார் துணைநிற்க வேண்டும். ஆசிரியரின் சுமை கூடும்போது அதை ஊர்தான் ஏற்க வேண்டும் என்பது இந்த மரபில் புதிய கோரிக்கையே அல்ல. நிதிக் குழுவிடம் பணம் கேட்கும்போது இந்தப் பக்கத்தைக் காட்டலாம்.

அந்தப் பணத்தை முதலில் மாற்று ஆசிரியர்களுக்குச் செலவிடுங்கள். ஒவ்வோர் ஆசிரியருக்கும் வாரத்தில் ஒரு பாடவேளை விடுவிப்பு கிடைத்தால், யோகா வகுப்பு, ஊக்க உரை இவை எல்லாவற்றையும்விட அது பயன் தரும். பாடவேளையை விடுவித்துவிட்டு அதே நேரத்தில் ‘மனநலப் பயிலரங்கு’ வைப்பது கொடுத்ததைப் பிடுங்கிக்கொள்வதாகும். பாடத்திட்டத்தின் வேகத்தையும் தளர்த்துங்கள். மதிப்பெண் பட்டியலுக்கான கெடுவை இரண்டு வாரம் தள்ளிவைப்பதற்கு எந்தச் செலவும் இல்லை.

ஆசிரியர் வீட்டில் இறப்பு நேர்ந்தால்

அடக்கத்துக்குப் பின் ஏழு நாட்கள் ‘ஷிவா’. பெற்றோர், உடன்பிறந்தார், வாழ்க்கைத்துணை, பிள்ளை ஆகியோருக்காகத் துக்கம் காப்பவர் அந்நாட்களில் வேலைக்கு வரமாட்டார். அடக்கம் இயன்றவரை விரைவில், பெரும்பாலும் ஒரு நாளைக்குள் நடந்துவிடும் என்பதால் வகுப்புக்கு மாற்று ஏற்பாடு செய்ய உங்களுக்கு ஓரிரு மணி நேரமே கிடைக்கும். முப்பதாம் நாள்வரை நீளும் ‘ஷ்லோஷிம்’ காலத்தில் அவர் வேலைக்குத் திரும்பியிருந்தாலும் இசையுள்ள கொண்டாட்டங்களில் பங்கேற்கத் தயங்குவார். பள்ளி விழாப் பொறுப்பிலிருந்து அவராகக் கேட்பதற்கு முன்பே விடுவித்துவிடுங்கள்.

நம் ஊர் வழக்கப்படி மாலையோ பூவோ கொண்டுபோக வேண்டாம். வீட்டில் சமைத்ததையும் தவிர்த்துவிட்டு, யூத உணவு விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டும் கோஷர் முத்திரையுள்ள கடையிலிருந்து முத்திரை பிரிக்காத உணவை அனுப்புங்கள். ஷிவா வீட்டின் கதவு வழக்கமாகத் திறந்தே இருக்கும், மணியடிக்காமல் உள்ளே போகலாம். முகமன் சொல்வதில்லை. துக்கத்தில் இருப்பவர் வாய்திறக்கும்வரை வந்தவர் பேசக் கூடாது என்பது தல்மூத்தின் விதி. பத்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்துவிட்டு எழுந்து வருவதிலும் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை. பள்ளி அலுவல் எதையும் அங்கே பேசாதீர்கள்.

எப்படிக் கேட்பது

ஆலோசகர் அல்லாதவர்களும் செய்யக்கூடிய முதலுதவியை உலகச் சுகாதார அமைப்பு 2011இல் வெளியிட்ட கையேடு மூன்று சொற்களில் அடக்கியது: பார், கேள், இணை. யாருக்கு என்ன தேவை என்று பார்ப்பது, அவர் சொல்ல விரும்பும் அளவுக்கு மட்டும் கேட்பது, தேவையான உதவியோடு அவரை இணைப்பது. நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொல்லும்படி வற்புறுத்துவது இதில் இல்லை. எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து, “உங்கள் உணர்வைப் பகிருங்கள்” என்று முறைவைப்பதும் பலருக்குத் தீங்காகவே முடியும்.

லெபனான் எல்லையை ஒட்டிய இஸ்ரேலின் கிரியத் ஷ்மோனா நகரில், ராக்கெட் தாக்குதல்களுக்கு நடுவே பல ஆண்டுகள் பணியாற்றிய உளவியலாளர் முலி லஹாத், மனிதர்கள் நெருக்கடியைத் தாங்கும் வழிகளை ஆறாக வகுத்தார்: நம்பிக்கை, உணர்வு, உறவு, கற்பனை, அறிவு, உடல். ஒருவர் பிரார்த்தனையில் நிற்பார், ஒருவர் அழுவார், ஒருவர் நாலு பேரோடு இருக்க விரும்புவார், இன்னொருவர் ஓவியத்திலோ நகைச்சுவையிலோ ஒதுங்குவார், வேறொருவர் தகவல்களைத் திரட்டுவார், கடைசியாக ஒருவர் மேசைகளை நகர்த்தி அறையைக் கூட்டிக்கொண்டிருப்பார். புதியவர்கள் தமக்குப் பழக்கமான வழியையே எல்லாருக்கும் கொடுத்துவிடுகிறார்கள். பேசாமல் அறையைக் கூட்டுகிற ஆசிரியரிடம் போய், “மனம்விட்டுப் பேசுங்கள்” என்று சொல்லாமல், இன்னொரு துடைப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓர் எல்லையும் உண்டு. தூக்கமின்மை, திடுக்கிடல், வகுப்பறைக்குள் நுழையவே முடியாத நிலை போன்றவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவ உதவி தேவை. அதற்கான தொடர்பு எண்களை எல்லா ஆசிரியர்களுக்கும் பொதுவாகக் கொடுத்து வையுங்கள், ஒருவரைத் தனியே சுட்டிக்காட்ட வேண்டியிராது. தற்கொலை எண்ணம் பேச்சில் வந்தால் மட்டும் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

சேர்ந்து படித்தல்

1933 ஏப்ரலில் நாஜி அரசு யூதர்களை அரசுப் பணியிலிருந்து நீக்கியபோது, வேலையிழந்த ஆசிரியர்கள் பலர் யூதப் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தனர். தங்கள் பாடத்தில் வல்லவர்களான அவர்களில் பலருக்கு எபிரேயமோ யூத நூல்களோ தெரியாது. பொதுப் பள்ளிகளில் அவமானப்பட்டு வந்த குழந்தைகளோ அவர்கள் முன்னால் நிறைந்திருந்தனர். மெய்யியலாளர் மார்ட்டின் பூபரின் பொறுப்பில் இயங்கிய யூத வயதுவந்தோர் கல்வி மையம், ஆசிரியர்களைச் சில நாட்கள் ஓரிடத்தில் தங்கவைத்துச் சேர்ந்து படிக்கச் செய்தது. உத்திகளைப் பற்றிய சொற்பொழிவைவிட, ஒரு வேதப் பகுதியை எடுத்துவைத்துக்கொண்டு பொறுமையாக வாசிப்பதே அங்கே முக்கியமாக இருந்தது.

இன்றும் இது செய்யக்கூடியதே. ‘ஹவ்ருத்தா’ எனப்படும் இருவர் சேர்ந்து படிக்கும் முறை யூதக் கல்வியின் அன்றாட வழக்கம். அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவரையும் புதியவர் ஒருவரையும் இணைத்து, வாரம் அரைமணி நேரம், வகுப்புக்குச் சம்பந்தமில்லாத ஒரு பகுதியைப் படிக்கச் செய்யுங்கள். நூலைப் பற்றிப் பேசத் தொடங்கி மாணவரைப் பற்றியும் பெற்றோரைப் பற்றியும் பேச்சு தானாகவே வரும். விரும்பும் யூதரல்லாத ஆசிரியர்களையும் இதில் சேர்க்கலாம், கட்டாயப்படுத்தக் கூடாது.

ஆறு மாதத்துக்குப் பிறகு

உதவி குறையத் தொடங்குவதும் ஆசிரியர்கள் விலக யோசிப்பதும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நிகழும். நினைவு நாட்கள் இரண்டு நாட்காட்டிகளிலும் வரும்: 2023 தாக்குதலின் ஆங்கிலத் தேதி அக்டோபர் 7, எபிரேயத் தேதி திஷ்ரி 22; 2024இல் அந்த எபிரேய நாள் அக்டோபர் 24 அன்று வந்தது. குழந்தைகளோடு தோராவைத் தூக்கி ஆட வேண்டிய பண்டிகையும் துக்க நாளும் ஒட்டி வந்துவிட்ட நிலையில், ஆட்டம் உண்டா, எவ்வளவு நேரம், யார் முன்னின்று நடத்துவது என்பதை ஆகஸ்டிலேயே முடிவுசெய்துவிடுங்கள்.

சுவர்களில் உள்ளவற்றையும் கவனியுங்கள். பணயக் கைதிகளுக்காகப் பல பள்ளிகளில் மஞ்சள் நாடாக்களும் முகப் படங்களும் மாட்டப்பட்டன. உயிரோடிருந்த கடைசி 20 பேர் 2025 அக்டோபர் 13 அன்று விடுதலையானபோது, எதை எப்போது அகற்றுவது, இறந்தவர்களின் படங்களை என்ன செய்வது என்ற கேள்விகள் எழுந்தன. படத்தைக் கழற்றும் பொறுப்பை, தினமும் அதைப் பார்த்தபடி பாடம் நடத்திய ஆசிரியரின் தலையில் கட்டாதீர்கள். தேதியை நிர்வாகம் குறிக்கட்டும், அவர் விரும்பினால் உடன் நிற்கட்டும்.

அடுத்த ஆண்டுக்கான பணி ஒப்பந்தங்கள் தயாராவதற்கு முன், ஜனவரியிலேயே ஒவ்வோர் ஆசிரியரையும் தனித்தனியே இருபது நிமிடம் சந்தியுங்கள். “இருப்பீர்களா?” என்று தொடங்க வேண்டாம், எந்த வேலையை உங்களிடமிருந்து எடுத்துவிட்டால் எளிதாக இருக்கும் என்று கேளுங்கள். கிடைக்கும் பதில்களில் செய்யக்கூடியவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்: கூட்ட நேரத்துக்கான ஊதியம், வாரம் ஒரு விடுவிப்பு வேளை, பெற்றோர் கடிதங்களுக்கு நிர்வாகமே பதிலளிக்கும் என்ற உறுதி, பகுதிநேர ஆசிரியர்களுக்கும் துக்க விடுப்பு.